கிரெடிட் கார்டு பணத்தை எடுத்து பர்சனல் லோனை அடைக்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

மாசக் கடைசி. அக்கவுன்ட்டில் மூணு இலக்கம்தான் மிச்சம். 5-ம் தேதி லோன் இஎம்ஐ போகணும். சரியாக அந்த நேரத்தில்தான் போனில் ஒரு மெசேஜ் வரும். 'வாழ்த்துகள்! உங்கள் கிரெடிட் கார்டில் 1,50,000 ரூபாய் தயாராக இருக்கிறது. டாக்குமென்ட் தேவையில்லை, ஒரே க்ளிக் போதும்!'

உடனே மனசுக்குள் ஒரு திட்டம் ஓடும். 'இதை எடுத்து அந்த லோனை மொத்தமா அடைச்சிட்டு, கார்டுக்கு மட்டும் மெதுவா கட்டினா என்ன?'

கேள்வியில் தப்பே இல்லை. அதிக வட்டிக் கடனை, குறைந்த வட்டிக் கடன் வாங்கி அடைப்பது நம் ஊரில் காலம்காலமாக நடப்பதுதான். சிக்கல் என்னவென்றால், 'கிரெடிட் கார்டு பணம்' என்ற ஒரே பெயரில் சந்தையில் மூன்று நான்கு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று உங்களைக் காப்பாற்றலாம். இன்னொன்று 2 வருஷக் கடனை 4 வருஷமாக இழுத்துவிடும். மெசேஜைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ரீல்ஸில் பார்த்தது பிரிட்டன் கார்டு!

'கார்டிலிருந்து அக்கவுன்ட்டுக்கு பணத்தை மாத்து, லோனை அடை, வட்டியே இல்லை' என்று ஆங்கில வீடியோக்களில் யாராவது சொல்லி நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் 'மணி டிரான்ஸ்ஃபர் கார்டு' என்றே தனியாக ஒரு வகை உண்டு. கார்டு லிமிட்டிலிருந்து பணத்தை நேராக வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் சுமார் ஒரு வருஷத்துக்கு 0% வட்டி. ஒரே தடவை 3 முதல் 4% வரை கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். சலுகைக் காலம் முடிவதற்குள் முழுவதையும் கட்டிவிட்டால் லாபம்தான். முடியவில்லை என்றால் வட்டி 20 சதவிகிதத்தைத் தாண்டிக் குதிக்கும்.

இந்த ஏற்பாடு அப்படியே இந்தியாவில் இல்லை. இங்கே 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்று வங்கிகள் சொல்வது, ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டுக்கு மாற்றுவது. அதாவது கார்டு பாக்கிக்குத்தான் உதவும், பர்சனல் லோனுக்கு உதவாது. லோன் இஎம்ஐ-யை நேராக கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று பார்த்தால், பெரும்பாலான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. ஆக, இங்கே கார்டைக் காட்டி லோனை அடைக்க மிச்சம் இருக்கும் நேர்வழிகள் இரண்டுதான். ஏடிஎம்-மில் பணமாக எடுப்பது, அல்லது கார்டு மீது கடன் வாங்குவது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏடிஎம் பக்கம் போகாதீங்க

டெபிட் கார்டு போலவே கிரெடிட் கார்டையும் ஏடிஎம்-மில் செருகி பணம் எடுக்கலாம். மொத்த லிமிட்டில் ஒரு பகுதியைத்தான் இப்படி எடுக்க விடுவார்கள். கடையில் வாங்கும் பொருளுக்கு 45, 50 நாள் வரை வட்டி இல்லாத அவகாசம் கிடைக்கிறதல்லவா, அது இதற்குக் கிடையாது. பணம் கையில் வந்த நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும். அதற்கு முன்பே 'கேஷ் அட்வான்ஸ்' கட்டணம் என்று பொதுவாக 2.5% பிடித்துக்கொள்வார்கள். வட்டி மாதம் 3.5% முதல் 3.75% வரை. கட்டணத்துக்கும் வட்டிக்கும் சேர்த்து 18% ஜிஎஸ்டி வேறு.

'மாசம் மூன்றரை பர்சன்ட்' என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். இதை ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். நூத்துக்கு மூன்றரை வட்டி! ஜிஎஸ்டி-யையும் சேர்த்தால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 பைசா. தெருவில் ஒருத்தர் 'நாலு வட்டிக்குத் தர்றேன்' என்று சொன்னால், அப்பா அந்தப் பக்கமே போகாதே என்பார். அதையே பளபளப்பான ஒரு பிளாஸ்டிக் அட்டை சொன்னால் நமக்கு உறைப்பதில்லை.

ஒரு உதாரணம். உங்கள் பர்சனல் லோனில் ரூ.50,000 பாக்கி, ஆண்டு வட்டி 16%, இன்னும் 24 மாதம் இருக்கிறது. இஎம்ஐ சுமார் ரூ.2,448. எதுவும் செய்யாமல் அப்படியே கட்டிக்கொண்டு போனால் இனிமேல் போகும் வட்டி மொத்தமே ரூ.8,750 சொச்சம்தான்.

இதை அடைக்க கார்டில் ரூ.50,000 எடுக்கிறீர்கள். கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டி-யும் ரூ.1,475. முதல் நாளே கடன் ரூ.51,475 ஆகிவிட்டது. முதல் மாத வட்டியும் ஜிஎஸ்டி-யும் மட்டும் ரூ.2,126. அதே பழைய ரூ.2,448-ஐ நீங்கள் கார்டுக்குக் கட்டினால் அசலில் கழிவது வெறும் ரூ.322! இப்படியே போனால் முடிய ஏறத்தாழ 50 மாதம் ஆகும். கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை சுமார் ரூ.1,22,700. அரை லட்ச ரூபாய் கடனுக்கு!

'இவ்வளவு வட்டிக்கு சட்டத்தில் தடை இல்லையா?' என்று கேட்கலாம். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டுகளுக்கு ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போனன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆக, 30% என்ற அந்த வரம்பும் இப்போது இல்லை.

கார்டு மீது கடன்: இதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்

மெசேஜில் வருவது பெரும்பாலும் இதுதான். ஹெச்டிஎஃப்சி இதற்கு 'இன்ஸ்டா லோன்' என்று பெயர் வைத்திருக்கிறது. எஸ்பிஐ கார்டில் 'என்கேஷ்'. பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான். பணம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். மாத மாதம் இஎம்ஐ-யாக கார்டு பில்லோடு சேர்ந்து வரும். வட்டி ஏடிஎம் வழியைவிட மிகக் குறைவு. ஆளையும் வங்கியையும் பொறுத்து மாறினாலும், பர்சனல் லோன் வட்டிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும்.

அப்படியென்றால் எடுத்துவிடலாமா? இங்கேதான் பலர் வட்டி சதவிகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். வாருங்கள், ரூபாயில் பார்ப்போம்.

ஒரு லோன் ஆப்பில் ஆண்டுக்கு 36% வட்டியில், அதாவது மூணு வட்டியில், கடன் வாங்கியிருக்கிறீர்கள். ரூ.50,000 பாக்கி. 12 மாதம் மிச்சம். இஎம்ஐ ரூ.5,023. இனி போக வேண்டிய வட்டி ரூ.10,277. இப்போது உங்கள் கார்டு வங்கி 18% வட்டியில் அதே 50,000 தருகிறது, அதே 12 மாதத்துக்கு. வட்டி சரிபாதி! வட்டித் தொகை ரூ.5,008 மட்டும்தான். 'அஞ்சாயிரம் மிச்சம்டா' என்று நண்பனுக்கு மெசேஜ் தட்டும் முன் மீதியையும் பாருங்கள்.

புதிய கடனுக்கு பிராசஸிங் கட்டணம் 2% என்று வைத்தால், ஜிஎஸ்டி-யோடு ரூ.1,180. கார்டு கடனில் வட்டிக்கும் ஜிஎஸ்டி போடுவது பல வங்கிகளின் வழக்கம். சாதாரண பர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது ரூ.901. பழைய லோனை பாதியில் மூட அந்த நிறுவனம் 4% 'ஃபோர்குளோஷர்' கட்டணம் கேட்டால், ஜிஎஸ்டி-யோடு ரூ.2,360. எல்லாவற்றையும் கூட்டுங்கள். ரூ.9,449.

பழைய லோனிலேயே இருந்திருந்தால் ரூ.10,277. இத்தனை ஓட்டம் ஓடி மிச்சம் பிடித்தது ரூ.828!

வட்டி 36-லிருந்து 18-க்கு இறங்கியும் இந்த நிலைமை. உங்கள் பழைய லோன் 20 அல்லது 22% என்றால் நஷ்டம்தான் என்று சொல்லவே வேண்டாம். பழைய லோனுக்கு ஃபோர்குளோஷர் கட்டணமே இல்லை என்றால் மிச்சம் ரூ.3,188 ஆகும். அப்போது அது ஒரு நல்ல வேலை. ஆகவே, கார்டு ஆஃபரைத் திறப்பதற்கு முன் பழைய லோன் அக்ரிமென்ட்டைத் திறந்து இந்தக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். சில லோன்களில் முதல் 6 அல்லது 12 இஎம்ஐ கட்டும் வரை மூடவே விட மாட்டார்கள்.

இந்தக் கட்டணம் பற்றி ஒரு குழப்பம் இப்போது பரவலாக இருக்கிறது. '2026 ஜனவரி 1 முதல் லோனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் இல்லை'ன்னு ஃபார்வர்டு வந்திருக்கும். ரிசர்வ் வங்கி சொன்னது, அந்தத் தேதியிலிருந்து கொடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் 'ஃப்ளோட்டிங்' வட்டிக் கடன்களுக்கு. பர்சனல் லோன்களில் பெரும்பாலானவை 'ஃபிக்ஸட்' வட்டி. அதனால் உங்கள் லோனுக்கு அந்தச் சலுகை பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இஎம்ஐ பாதியாகிறதா? அங்கேதான் உஷார்!

மேலே சொன்ன அதே கடனை 12 மாதத்துக்குப் பதில் 24 மாதத்துக்கு எடுத்தால் என்ன ஆகும்? ஆப்பில் அந்த 'டென்யூர்' கோட்டை விரலால் வலது பக்கம் இழுத்தால் போதும், இஎம்ஐ சரசரவென இறங்கும். ரூ.5,023 கட்டிக்கொண்டிருந்தவருக்கு ரூ.2,496! மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் போலத் தெரியும். மூச்சு விடவே லேசாக இருக்கும்.

கணக்கு வேறு சொல்கிறது. 24 மாதத்துக்கு வட்டி ரூ.9,909. அதற்கு ஜிஎஸ்டி ரூ.1,784. பிராசஸிங், ஃபோர்குளோஷர் எல்லாம் சேர்த்து ரூ.15,233. பழைய 36% லோனைவிட கிட்டத்தட்ட ரூ.5,000 அதிகம்! வட்டி பாதியாகி, இஎம்ஐ பாதியாகி, செலவு மட்டும் ஏறிவிட்டது.

சம்பளம் குறைந்து போய், பழைய இஎம்ஐ-யைக் கட்டவே வழியில்லை என்றால் அது வேறு கதை. 'ஐந்தாயிரம் ரூபாய் விலை கொடுத்து மாதாமாதம் மூச்சு வாங்குகிறேன்' என்று தெரிந்தே எடுத்தால் அது ஒரு முடிவு. லாபம் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்.

இன்னொன்று, 'மாசம் ஒரு பர்சன்ட்தான் சார்' என்று போனில் சொல்வார்கள். 'ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?' என்று கேளுங்கள். 50,000-க்கு 12% ஃப்ளாட் என்றால் வருஷம் முழுக்க முழு அசலுக்கும் வட்டி போட்டு ரூ.6,000 வாங்குவார்கள், நீங்கள் மாதாமாதம் அசலைக் கழித்துக்கொண்டே வந்தாலும். உண்மையில் அது 21 சதவிகிதத்துக்கும் மேல். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே எதிர்முனையில் குரல் கொஞ்சம் மாறும், கவனித்துப் பாருங்கள்.

மினிமம் டியூ என்ற பொறி

பர்சனல் லோனில் இல்லாத ஒரு வசதி கார்டில் இருக்கிறது. இந்த மாதம் முழுதாகக் கட்ட முடியாவிட்டால் 'மினிமம் டியூ' கட்டி சமாளிக்கலாம். இந்த வசதிதான் ஆபத்து. கார்டு மீது வாங்கிய கடனின் இஎம்ஐ, நீங்கள் ஸ்வைப் செய்த பெட்ரோல், பிரியாணி, அமேசான் எல்லாம் ஒரே பில்லில் வருகிறது. பில்லை முழுதாகக் கட்டாமல் ஒரு பகுதி நின்றுவிட்டால், அந்தப் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவிகித வட்டி தொடங்கிவிடும். அதோடு, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டி இல்லாத நாள்கள் போய்விடும். அடுத்த நாள் வாங்கும் டீக்கும் வட்டிதான்.

18% கடனாக ஆரம்பித்ததோடு, மினிமம் டியூ மட்டும் கட்டினால் 42% வட்டிப் பாக்கியும் வந்து கலந்துவிடும். இதனால் கார்டில் கடன் எடுப்பவர்கள் ஒரு வேலை செய்தே ஆக வேண்டும். ஆப்பில் ஆட்டோ-பே அமைக்கும் இடத்தில் 'மினிமம் டியூ', 'டோட்டல் டியூ' என்று இரண்டு இருக்கும். டோட்டலைத் தேர்ந்தெடுங்கள். சம்பளத் தேதியும் பில் தேதியும் முட்டிக்கொண்டால் பில்லிங் தேதியை மாற்றச் சொல்லுங்கள். ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி விதி உங்களுக்குத் தருகிறது.

கடன் முடியும் வரை அந்தக் கார்டை பர்ஸிலிருந்தும் யுபிஐ ஆப்பிலிருந்தும் எடுத்துவிடுவது இன்னும் நல்லது. லிமிட்டுக்குள் கடன் எடுத்தால் அந்த அளவு லிமிட்டும் அடைபட்டுக் கிடக்கும். 1 லட்ச லிமிட்டில் 50,000 கடன் என்றால் பாதி லிமிட் போச்சு. லிமிட்டில் 30 சதவிகிதத்துக்கு மேல் பயன்படுத்தினால் சிபில் ஸ்கோர் இறங்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். அடுத்த ஆறு மாதத்தில் பைக் லோன், வீட்டு லோன் போடும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

'கார்டை தேய்ச்சு கேஷ் தர்றோம்'

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கடைவீதிகளிலும் இந்த விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பொருள் வாங்கியது போல மெஷினில் கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவிகித கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைப் பணமாகத் தருவார்கள். ஏடிஎம் கட்டணம் இல்லை, வட்டியும் உடனே ஓடாது என்பதால் கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். பொய்யான விற்பனை இது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். முன்பின் தெரியாத ஆளிடம் கார்டைக் கொடுத்துவிட்டு, நகல் எடுத்தானா என்று கவலைப்படுவது தனி. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், அடுத்த பில்லில் மொத்தத் தொகையும் வந்து நிற்கும். அதைக் கட்ட மறுபடி அதே கடைக்குப் போவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று சதவிகிதம் போய்க்கொண்டே இருக்கும்.

நண்பனுக்கு 'வாடகை' அனுப்புவது போல ஆப்பில் கார்டைப் போட்டு, பணத்தைத் திரும்ப வாங்கும் வழியும் சில வருஷம் ஓடியது. பல வங்கிகள் அதற்குக் கட்டணம் போட ஆரம்பித்தன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பேமென்ட் நிறுவனங்களுக்கான விதியை இறுக்கியதும், முன்னணி ஆப்கள் கார்டில் வாடகை கட்டும் வசதியையே நிறுத்திவிட்டன.

சரி, எப்பதான் எடுக்கலாம்?

பழைய கடன் மூணு வட்டி, நாலு வட்டி ரகமாக இருக்க வேண்டும். அதை மூட கட்டணம் இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருக்க வேண்டும். புதிய கடனின் காலம், பழைய கடனில் மிச்சமிருக்கும் காலத்தைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கார்டு மீது கடன் எடுத்து அடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே இன்னொரு கார்டில் பாக்கி சுழன்றுகொண்டிருக்கிறது என்றால் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்து இஎம்ஐ ஆக்குவது அநேகமாக லாபம்தான், ஏனென்றால் 42 சதவிகிதத்தைவிட எதுவுமே மலிவு.

அதற்கு முன்னால், வேறு கதவுகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதன் மீது கடன் கிடைக்கும்; பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவிகிதம்தான் அதிகம். வங்கியில் நகைக்கடன் என்றால் சாதாரணமாக ஒரு வட்டிக்குள் முடிந்துவிடும். 2026 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வரும் ரிசர்வ் வங்கி விதிப்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம். ஆனால், அம்மாவின் சங்கிலியை வைத்து உங்கள் லோன் ஆப் கடனை அடைப்பதாக இருந்தால், ஆவணி மாதக் கல்யாணத்துக்குள் மீட்டுத் தர முடியுமா என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்டு எடுத்து அடைப்பவர்களும் உண்டு. எவ்வளவு தள்ளிக் கேட்கிறீர்களோ அவ்வளவும் வட்டிதான் என்பதை மறக்காமல் கூட்டிப் பார்க்க வேண்டும். சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பது அதைவிட முக்கியம்.

லோனை நேற்றுதான் ஆப்பில் எடுத்தீர்களா? டிஜிட்டல் கடன்களுக்கு 'கூலிங் ஆஃப்' காலம் உண்டு. குறைந்தது ஒரு நாள். அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். கடன் கொடுக்கும்போதே 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாள் தந்திருப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு இது கட்டாயம். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் 'ஏபிஆர்' என்ற பெயரில் இருக்கும். கார்டு ஆஃபரை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட எண்ணோடு அல்ல.

பணம் வந்ததும் செய்ய வேண்டியது

முதலில் பழைய நிறுவனத்திடம் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். எந்தத் தேதி வரை எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று அதில் எழுத்தில் இருக்கும். அது கைக்கு வந்த பிறகு கார்டு கடனுக்கு ஓகே கொடுங்கள், முன்னால் அல்ல. அக்கவுன்ட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் நாலு நாள் தூங்கினால் அதற்குக் கால் முளைத்துவிடும். ஒரு புது போன், ஒரு அவசரம், ஒரு நண்பனின் கைமாத்து! பிறகு பழைய லோனும் இருக்கும், புதிய லோனும் இருக்கும். இரட்டை இஎம்ஐ. இந்த யோசனையில் பலர் விழும் குழி இதுதான், வட்டிக் கணக்கு அல்ல.

கட்டி முடித்ததும் இஎம்ஐ பிடித்துக்கொண்டிருந்த ஆட்டோ-டெபிட் ஆணையை வங்கியில் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால், அடுத்த மாதமும் பணம் பிடிக்கப்பட்டு, அதைத் திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். 'கடன் பாக்கி இல்லை' என்ற என்ஓசி-யை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'செட்டில்மென்ட்' என்று ஒரு குறைந்த தொகையைச் சொல்லி முடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். 'குளோஸ்டு' என்று வருவதும் இதுவும் ஒன்றல்ல; அடுத்து கடன் தருபவர் அதைப் பார்த்ததும் யோசிப்பார்.

2025 ஜனவரி முதல் கடன் தகவல்கள் 15 நாளுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்படுகின்றன. எனவே, ஒரு மாதம் கழித்து உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். பழைய லோன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் என்ஓசி-யை இணைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் பதியலாம், கட்டணம் எதுவும் இல்லை. எப்படிப் பதிவது என்று புரியவில்லை என்றால் 14448 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.